மே மாதத்துத் தோட்டா

என் வீட்டுக்காரர் பால்மர் ஸ்டெனெருட் தேடிய தோட்டா மே மாதம் பதினான்காம் தேதியே அவர் கைக்கு வந்துவிட்டது. வந்ததை நம்பாமல் ஆகஸ்டு கடைசி வரை தேடினார். அந்த மூன்றரை மாதத்தில் அவருடைய வலது கண் போயிற்று. தோட்டாவில் குறை இல்லை, கண்ணில்தான் குறை என்று ஜூன் மாதமே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அல்வீனா மறைத்துவிட்டாள் என்று பேச வேண்டாம்.

எங்கள் வீடு அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம் முப்பது மைல். மாவட்டத்துச் சரளைச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியைப் பால்மர் முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். அவர் சீவிவிட்ட சாலையில் முட்டை ஏற்றிக்கொண்டு போனால் ஒன்றுகூட உடையாது என்பார்கள். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அறுவடை ஆட்களுக்குச் சமைக்கப் போனவள். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன். நாற்பத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது.

குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேறு பெண் கிடையாது. துப்பாக்கி இருந்தது. வேட்டைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மான் சுடுவார், அதுவும் நான் கறி தீர்ந்துவிட்டது என்று கத்தினால்தான். அவர் சுட்டதெல்லாம் காகிதம். ஆயிரம் கஜம் தள்ளி ஒரு காகிதத்தை நிறுத்தி, அதில் பத்து ஓட்டைகளை எவ்வளவு நெருக்கமாகப் போடலாம் என்று பார்ப்பது. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை ஹோவ்லாண்ட் பண்ணைப் பள்ளத்தில் போட்டி நடக்கும். பால்மர் நான்கு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். முதலாவதாக ஒரு தடவைகூட வந்ததில்லை. 1993-இல் அவருக்கு அறுபத்தேழு வயது. ஒரே ஒரு தடவை முதலில் வந்துவிட்டு, அதோடு துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

கடையில் விற்கும் தோட்டா இந்த ஆட்களுக்கு ஆகாது. கடைத் தோட்டா களஞ்சியச் சுவரைச் சுடத்தான் லாயக்கு, அதுவும் உள்ளேயிருந்து சுட வேண்டும் என்பார் பால்மர். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, நீளம் சீவி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டை உட்கார வைக்க வேண்டும். மருந்து என்றால் பொடி இல்லை. பென்சில் முனை ஒடிந்து விழுந்தது போலக் குட்டிக் குட்டிக் குச்சிகள். தராசில் கொட்டி, கடைசியில் ஒற்றைக் குச்சியைச் சாமணத்தால் எடுத்து வைப்பார். யோசிப்பார். திரும்ப எடுப்பார். நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் உருளைக்கிழங்குத் தொட்டிக்கும் நடுவில் அந்த மேசை. அவர் எடை போடும்போது மேலே சமையலறையில் நான் நடக்கக் கூடாது. தரை அதிர்ந்தால் தராசு ஆடும். "அல்வீனா, நில்லு" என்று கீழேயிருந்து குரல் வரும். கரண்டியும் கையுமாக நிற்பேன். வாணலியில் பன்றிக்கொழுப்பு புகைந்துகொண்டிருக்கும். "நகரலாம்" என்று குரல் வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கலாம்.

ஒரு வருஷம் அவர் பிறந்தநாளுக்கு ஏதாவது நல்லது செய்வோம் என்று நினைத்து, காப்பி டின்களில் கரி படிந்து கிடந்த பித்தளைக் கூடுகளை எல்லாம் தொட்டியில் கொட்டிக் கழுவிப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். ஆறு டின். ஆறு டின்னும் ஆறு எடை என்று எனக்கு யார் சொன்னது? இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்து வைத்திருந்தாராம். மனிதர் வந்தார், பார்த்தார், படியேறிப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒன்பது நாள் பேசவில்லை. அவர் பேசவில்லை என்பதை நான் கவனித்ததே நாலாம் நாள்தான்.

அந்த ஏப்ரலில் துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டினார். குழல் மாறினால் பழைய கணக்கு எதுவும் செல்லாது. எவ்வளவு மருந்து, குண்டு எவ்வளவு ஆழம் என்று முதலிலிருந்து தேட வேண்டும். சுட்டுச் சுட்டுத்தான் தேட முடியும். ஆனால் குழலுக்கும் ஆயுசு உண்டு. ஆயிரத்து இருநூறு தடவை சுட்டால் உள்ளே வெந்துபோய்விடும். அதற்குள் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததைப் போட்டிக்கு மிச்சம் வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வெண்டல் க்ரோக் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர், பால்மருக்கு ஒரே கூட்டாளி. அவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "கல்யாணத்துக்கு முன்னாடி பொருத்தம் பாக்கறேன்னு ஆட்டம் ஆடி ஆடியே பொண்ணுக்கு மூட்டுவலி வர வச்ச கதை இது." பால்மர் சிரிக்கவில்லை. கூட்டாளி சிரிக்கவில்லை என்பதற்காக வெண்டல் என்றைக்கும் நிறுத்தியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் மரவரிசையைத் தாண்டி, சிமென்டில் மேசை கட்டி, முன்னூறு கஜத்தில் மண்மேட்டுக்கு முன்னால் காகிதச் சட்டம் நட்டிருந்தார். மே பதினான்காம் தேதி காகிதத்தை எடுத்துவந்து என் சமையலறை மேசையில் வைத்தார். ஐந்து குண்டு போயிருந்தது. பத்து சென்ட் காசை மேலே வைத்தால் எல்லாம் மூடிவிடும்.

இதுதான் என்றேன் நான். ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம், அடுத்த வாரமும் வரட்டும் என்றார். இந்த ஆட்கள் எல்லோருக்கும் இதே வேதம்தான். ஒரு நல்ல காகிதத்தை நம்பமாட்டார்கள். ஒரு கெட்ட காகிதத்தை உடனே நம்பிவிடுவார்கள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதே மருந்து, அதே ஆழம், காற்றே இல்லாத காலை. ஐந்து ஓட்டைகளும் என் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். பரவியது. கொஞ்சம் குறைத்தார். பரவியது. குண்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினார், ஒரு மயிரிழை வெளியே இழுத்தார். மே முடிந்தது.

ஜூன் முதல் வாரம், நான் ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"கம்பி வளைஞ்சிருக்கு."

"எந்தக் கம்பி?"

"ஸ்கோப்புக்குள்ள இருக்கிற குறுக்குக் கம்பி. நடுவுல தொங்குது. வந்து பாரு."

போய் உட்கார்ந்து, துப்பாக்கி மேல் மாட்டியிருந்த அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"நேராத்தான் இருக்கு."

"நடுவுல பாரு."

"நடுவுலதான் பாக்கறேன்."

"உனக்குப் பாக்கத் தெரியல."

"ஒரு கோடு நேரா இருக்கா கோணலான்னு பாக்கறதுக்கு எந்தக் காலேஜுல படிக்கணும்?"

அவர் ஸ்கோப்பைக் கழற்றிப் பஞ்சில் பொதிந்து, செய்த தொழிற்சாலைக்கே அனுப்பிவிட்டார். அது திரும்பி வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல் வெண்டலிடம் ஒரு ஸ்கோப் இரவல் வாங்கி மாட்டினார். அதிலும் கம்பி வளைந்திருந்தது. வெண்டலை வரச் சொல்லிக் காட்டினார். வெண்டல் பார்த்தார், கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது என் மாமனார் குடுத்தது கிழவா. அந்தாள்கிட்ட நேரா இருந்த பொருள் இது ஒண்ணுதான். இதையும் கோணல்னா நான் எங்க போவேன்?"

பால்மர் அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து பெட்டி வந்தது. குறை ஒன்றும் இல்லை என்று கடிதம். திருட்டுப் பயல்கள், திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள் என்றார்.

நான் படிக்காதவள். ஆனால் ஒரு ஸ்கோப்பில் வளைந்தால் ஸ்கோப், இரண்டிலும் வளைந்தால் வேறு என்னவோ என்பதற்குப் படிப்பு வேண்டாம். வெண்டலின் ஸ்கோப்பையும் கோணல் என்று சொன்ன அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற நேரமெல்லாம் அவர் நன்றாகத்தான் பார்த்தார். வண்டி ஓட்டினார், ஊசியில் நூல் கோர்த்துத் தந்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இடது கண் வலது கண்ணின் குறையை மறைத்துவிடுகிறது. துப்பாக்கியில் குனியும்போது மட்டும்தான் இடது கண்ணை மூடுவார். வேறு ஆளாக இருந்தால் கண் கெட்டதே ஒரு வருஷத்துக்குத் தெரியாது. இவருக்கு முதல் வாரமே தெரிந்தது. தெரிந்ததும் ஸ்கோப்பைக் கழற்றித் தபாலில் அனுப்பினார்.

ஏன் சொல்லவில்லை என்று என் மகள் பிறகு கேட்டாள். போதகருக்கு வாய் நாறுகிறது என்று போதகரிடமே சொன்னவள் நான். ஊரில் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போகிறவர்கள் உண்டு. இதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் வருத்தப்படுவார் என்பதற்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். அது பாதிதான். துப்பாக்கியை விட்டுவிட்டு அந்த மனிதர் காலையிலிருந்து இருட்டும் வரை என் சமையலறையில் உட்கார்ந்து நான் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. செப்டம்பர் முடியட்டும், போட்டி முடிந்ததும் டாக்டரிடம் இழுத்துப் போகலாம், மூன்று மாதத்தில் என்ன முழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு தடவை, எதற்கும் கண்ணைக் காட்டினால் என்ன என்று சும்மா சொல்வது போலச் சொன்னேன். கண்ணாடி போன வருஷம்தான் மாற்றினேன் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இதைச் சொன்னதாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

அந்தக் கோடை முழுக்க அவர் பழி போடாத பொருள் இல்லை. முதலில் கேப்பு சரியில்லை என்றார். பிறகு பித்தளை இறுகிவிட்டது என்று ஒவ்வொரு கூட்டையும் தீயில் வாட்டினார். தராசு பொய் சொல்கிறது என்று வேறு தராசு வாங்கி, இரண்டு தராசையும் ஒன்றோடு ஒன்று சண்டைக்கு விட்டார். வெயிலில் தரையிலிருந்து எழும் அலை என்றார். அதற்காக விடியும்போதே போய்ச் சுட ஆரம்பித்தார். எங்கள் நாய் வெடிச்சத்தத்துக்குப் பழகித் தூங்க ஆரம்பித்துவிட்டது, நான் பழகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் குழலில் ஒன்று குறைகிறது என்று எனக்கும் தெரியும். ஐந்நூறு தாண்டியது. அறுநூறு தாண்டியது. நல்ல தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தேடித் தேடி அவர் கெடுத்துக்கொண்டிருந்தார். நான் மேலே நின்றுகொண்டிருந்தேன், நகரலாம் என்ற குரலுக்காக.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பால்மர் இடது கண்ணை மூடிக்கொண்டு பீடத்துக்கு மேலிருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி மாற்றினார். நான் பார்ப்பதைக் கண்டதும் பாட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டார். அப்போது பாட்டு எதுவும் இல்லை.

அன்று வீடு வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் பார்லி விளைச்சலைப் பற்றித்தான் வந்தது.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தபோது வெண்டல் வந்தார். நிலவறையில் குவிந்து கிடந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். கேலி பேச வந்தவர் பேசவில்லை. ஐந்து தோட்டா கொடு, நான் சுட்டுப் பார்க்கிறேன் என்றார். இந்த ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஏற்றிய தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. மருந்து கொஞ்சம் பிசகினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும், அந்தப் பாவம் ஏற்றியவர் தலையில் விழும். அப்பன் பிள்ளைக்குக்கூடக் கொடுக்கமாட்டான். வெண்டலுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டார் என்றால், அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பால்மர் முடியாது என்றார். வெண்டல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பால்மர் ஐந்து தோட்டாக்களை ஒரு துணியில் வைத்துக் கொண்டுவந்தார். மே மாதம் ஏற்றியது போலவே, அதே மருந்து, அதே அளவு, அதே ஆழம் என்றார்.

"நீ சுடு."

"நானா? வெண்டலுக்குக் கூடாதுன்னே. என் மூஞ்சி போனா பரவாயில்லையா?"

"நீ வேற ஆள் இல்ல."

நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் சொன்ன காதல் வார்த்தை அது ஒன்றுதான். அதையும் அன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

நான் சின்ன வயதில் அண்ணன்களோடு சேர்ந்து கோதுமை வயலில் அணில் சுட்டவள். அதற்குப் பிறகு தொட்டதில்லை. ஆனால் அவருடைய துப்பாக்கி ஒரு கன்றுக்குட்டி கனம். மணல் பைகளின் மேல் அது தானாக உட்கார்ந்திருக்கும். சுடுகிறவர் செய்ய வேண்டியது, கோட்டைப் புள்ளியில் வைத்துவிட்டு அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான். கன்னத்தை எப்படி வைப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். விசையை இழுக்காதே, தொடு என்றார்.

முதல் குண்டு போயிற்று. ஸ்கோப்பில் பார்த்தேன். புள்ளியை ஒட்டி ஓட்டை. அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றுகொண்டு, கேட்கவும் இல்லை.

இரண்டாவது தோட்டாவை உள்ளே தள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒழுங்காகச் சுட்டால் தோட்டா நல்ல தோட்டா. தோட்டா நல்லது என்றால் கண் போய்விட்டது. தோளைக் கொஞ்சம் அசைத்து இரண்டை அங்கே, ஒன்றை இங்கே வீசிவிட்டால் போதும். தோட்டாதான் கெட்டது என்று நம்பிக்கொண்டு அவர் நிலவறைக்குப் போய்விடுவார், இன்னும் எட்டு நாள் சாமணத்தோடு. கிழவி சுட்டது பிசகிவிட்டது என்று யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. பொய் சொல்லக்கூட வேண்டாம், தோளை அசைத்தால் போதும்.

அந்தச் சிமென்ட் மேசையில் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. தோளை அசைக்கவும் எனக்கு மனம் வரவில்லை, சுடவும் வரவில்லை. கடைசியில் கோடு புள்ளியில் இருந்தது, தொட்டேன். அப்படியே மற்ற மூன்றையும் தொட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

இரண்டு பேரும் நடந்து போனோம். முன்னூறு கஜம், வெட்டிய கோதுமைத் தாள் மேல். பாதி வழியில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், தடுக்காமல் இருக்க. காகிதத்துக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். ஐந்தும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரே ஓட்டையாக இருந்தன. கட்டைவிரலை அதில் வைத்தார். விரல் பாதி உள்ளே போயிற்று.

"மே மாசத்துது" என்றார்.

"ஆமா."

"மே மாசமே சரியா இருந்திருக்கு."

"ஆமா."

விரலை எடுக்கவில்லை. "எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"ஜூன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

அவர் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் காகிதத்தை ஆணியிலிருந்து கழற்றி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

கிரேட் ஃபால்ஸ் நகரத்துக் கண் டாக்டர் என் மகளை விடச் சின்னப் பெண். விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தாள். கண்ணுக்குப் பின்னால், நடுவில் பார்க்கிற இடத்தில், ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது என்றாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா, லேசர் வச்சு எரிச்சுப் பாத்திருக்கலாம்மா. பலன் கிடைச்சிருக்கும்னும் சொல்ல முடியாது."

பின் பாதியை அவள் எனக்காகச் சொன்னாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். பால்மர் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணுக்கும் இது வரலாம் என்றாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் இதைப் பார்க்க வேண்டும், என்றைக்காவது கோடு வளைந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

போட்டிக்கு அவர் போகவில்லை. இடது பக்கம் மாற்றிச் சுடலாமே என்று யாரோ சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். திங்கட்கிழமை மாலை வெண்டல் வந்து அடுப்படி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டாவதாக வந்திருந்தார்.

"ரெண்டாவதா வர்றது இவ்வளவு கேவலமா இருக்கும்னு நாலு தடவை வந்தும் நீ சொல்லவேயில்லையே, கிழவா."

பால்மர் சிரித்தார். அந்த வருஷம் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெண்டல் போன பிறகு மீதியிருந்த தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டைப் பிரித்து, மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டினார். நூற்றிருபது தோட்டா. மூன்று நாள் ஆனது. நான் மேலே பலமாகவே நடந்தேன், நில்லு என்று சொல்வாரா என்று பார்க்க. சொல்லவில்லை.

நான் பயந்தது போலவே குளிர்காலம் முழுக்க என் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார். பயந்த அளவுக்கு இல்லை. உருளைக்கிழங்கு உரித்துத் தந்தார், ஒரே தடிமனாக, தோலை நிறுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே எடை இருக்கும். கட்டம் போட்ட தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தோம். காலையில் காப்பிக்கு முன்னால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் முன் நிற்பார். நான் அடுப்பைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பேன். நேராக இருக்கிறது என்பார். பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

பிப்ரவரியில் ஒரு காலை, வெளியே ஜன்னல் உயரத்துக்குப் பனி. தாளுக்கு முன்னால் வழக்கத்தை விட அதிகம் நின்றார். நகத்தால் தாளின் நடுவைத் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தத் தாள் சரியில்ல. அடுப்பு ஆவியில ஊறிப்போய் இழுத்துக்கிச்சு. வேற ஒண்ணு வாங்கணும்."

வாணலியில் முட்டை இருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"தாள்ல ஒண்ணும் இல்ல, பால்மர்."

அவர் திரும்பவில்லை.

"தாள் நல்லாத்தான் இருக்கு. பூட்ஸ மாட்டு. வண்டிய நான் எடுக்கறேன்."

 பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கையை நீட்டினார். கயிற்றை நான் கட்டிவிட்டேன். நூற்று நாற்பது மைல், பாதித் தூரம் பனிக்கட்டி மேல். வழியில் இரண்டு தடவை வண்டி சறுக்கியது. நான் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் மண் தூவினேன். அவர் உள்ளே கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், ஒரு கண்ணைக்கூட மூடிப் பார்க்காமல்.

அந்த டாக்டர் பெண் பார்த்துவிட்டு, நல்ல வேளை, நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றாள். அவள் முகத்திலேயே சந்தோஷம் தெரிந்தது. அன்று மாலையே லேசர் வைத்து எரித்தாள். கட்டுப் போட்டு மறுநாள் அனுப்பினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பால்மர் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெண்டலின் மாமனாரைப் பற்றி, எந்தச் சாலையில் எந்த வருஷம் எவ்வளவு பனி தள்ளினார் என்பதைப் பற்றி. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"நேரத்துக்குப் போயிட்டோம், இல்ல?"

"ஆமா. போயிட்டோம்."

இடது கண் பதினோரு வாரம் தாங்கியது.